தகரத் துண்டும் குடும்ப அட்டையும்: திருச்சி ரயில் நிலையத்தின் வழியே நம் மக்களின் இரண்டு பயணங்கள்



கட்டபெட்டில் ரயில் இல்லை. கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் போகிற சாலையில் குன்னூர்ப் பாதை வந்து சேர்கிற இடம் இது. இங்கே வருவதும் போவதும் பஸ்ஸில்தான். ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் குன்னூருக்குப் போக வேண்டும். இல்லையென்றால் மலையிறங்கி மேட்டுப்பாளையத்துக்குப் போக வேண்டும். அப்படியிருக்க, இந்த நினைவுரைக்குத் திருச்சிச் சந்திப்பைப் பொருளாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் பலருடைய குடும்பங்கள் அந்த ரயில் நிலையத்தை இரண்டு முறை கடந்திருக்கின்றன. ஒரு முறை கடலைத் தாண்டிப் போகும்போது. இன்னொரு முறை, இரண்டு மூன்று தலைமுறை கழித்து, திரும்பி வரும்போது. இரண்டு முறையும் டிக்கெட்டை நாம் வாங்கவில்லை. இரண்டு முறையும் பயணத்தின் முடிவில் ஒரு கடன் நமக்காகக் காத்திருந்தது. இதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

ரயில் நிலையங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நடைமேடைகளை எண்ணுகிறார்கள். எத்தனை வண்டி, எத்தனை வருவாய், எந்த ஆண்டில் மின்மயம் என்று எழுதுகிறார்கள். நீலகிரி மலை ரயிலைப் பற்றி எழுதினால் பற்சக்கரத்தையும் பாலங்களையும் குகைகளையும் பற்றி எழுதுகிறார்கள். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் அது வந்தது. 2005இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நல்லது. ஆனால் அந்தப் பாதையில் பாறை உடைத்தவர்களின் சேரி எது, அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எந்தக் கையேட்டிலும் ஒரு வரி கிடையாது. நிலையத்தைக் கட்டடமாகப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். வந்து இறங்கியவர்களின் கையில் என்ன சீட்டு இருந்தது, அதற்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்டால் வேறு வரலாறு கிடைக்கிறது.

திருச்சிக்கு ரயில் வந்தது 1861-62இல், நாகப்பட்டினத்திலிருந்து. கம்பெனியின் பெயர் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே. காவிரிப் படுகையின் நெல்லையும் பருத்தியையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோவது அதன் முதல் வேலை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதை கரூர் வழியாக ஈரோட்டுக்குப் போய்ச் சென்னை - மேற்குக் கடற்கரைப் பாதையோடு சேர்ந்தது. 1874இல் கம்பெனி தென்னிந்திய ரயில்வே ஆனது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை பாதை இறங்கியது. நாகை, ஈரோடு, தூத்துக்குடி என்று மூன்று பக்கமும் திறந்த ஊராகத் திருச்சி ஆனது இப்படித்தான். பிறகு ரயில்வேயின் தலைமையிடமும் அங்கேயே வந்தது. 1928இல் நாகப்பட்டினத்துப் பணிமனை பொன்மலைக்கு வந்தது. 1946 செப்டம்பர் 5இல் அதே பொன்மலையில் ஐந்து தொழிலாளிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அது தனியாகப் பேச வேண்டிய வரலாறு, இன்னொரு நாள் பேசலாம்.

தூத்துக்குடிப் பாதை திறந்த ஆண்டு எது என்று கவனியுங்கள். 1876. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. ரயில் வந்தால் பஞ்சம் வராது என்று சொல்லித்தான் பாதை போட்டார்கள். ஆனால் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதும் தானியம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தானியம் போன அதே திசையில் மனிதர்களும் போனார்கள். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு. அதற்கு முன்பு இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வழிக்கு ஒப்பிட்டால் ரயிலும் கப்பலும் உயிரைக் காப்பாற்றின என்பது உண்மை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போனவர்கள் யார்? திருச்சி, தஞ்சை, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஊர்களின் சேரி மக்கள் அதில் பெரும்பகுதி. பறையர், பள்ளர், அருந்ததியர். மற்ற சாதி ஏழைகளும் போனார்கள். கங்காணிகளாகப் போனவர்களில் இடைநிலைச் சாதியினர் அதிகம். பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவனுக்கு ஸ்டேஷன் என்பது ஒரு வாசல். மிராசுதார் தேடி வருவதற்குள் வண்டி ஏறிவிட்டால் தப்பித்தான். ஆள் ஓடிப்போகிறான், பண்ணை வேலைக்கு ஆள் இல்லை என்று தஞ்சை மிராசுதார்கள் சர்க்காரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த முறையீடுகளே நமக்குச் சாட்சி. ரயிலில் சாதிக்கு ஒரு பெட்டி வைக்கச் சொன்னவர்களும் உண்டு. லாபம் பார்த்த கம்பெனி அதற்கு இணங்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பலகையில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்க முடியாத நிலை வந்தது. ஊருக்குள் தெருவில் நடக்க முடியாதவன் வண்டிக்குள் உட்கார முடிந்தது.

ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் நடைமேடையில் சாதி நின்றுகொண்டிருந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று பலகை தொங்கியது. பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் பல ஆண்டுகள் போராடி 1941இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின. 'மற்றவர்களுக்கு' என்ற அந்த இடத்தில்கூட நம்மவர்கள் போய் உட்கார்ந்து சாப்பிட முடிந்ததா என்பது வேறு கேள்வி. கையில் காசு இருந்தால்தானே அந்தக் கேள்வியே எழும்!

இனி அந்தத் தகரத் துண்டுக்கு வருவோம்.

இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1904இல் தமிழ்நாட்டில் ஆள் சேர்ப்பதற்காக ஓர் அலுவலகம் திறந்தார்கள். சிலோன் லேபர் கமிஷன். அதன் தலைமையிடம் திருச்சி. சென்னையையோ தூத்துக்குடியையோ விட்டுத் திருச்சியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆள் கிடைக்கிற மாவட்டங்கள் சுற்றிலும் இருந்தன. எல்லாப் பக்கமிருந்தும் ரயில் அங்கே வந்தது. தங்கள் வசதிக்கு ஏற்ற ஊர் எது என்று தோட்டக்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தோட்டத்துக்குப் போகிற ஆளின் கையில் ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். அதில் தோட்டத்தின் எண் பொறித்திருக்கும். நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். 'டின் டிக்கெட்' என்று அதற்குப் பெயர். ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், வழியில் சோறு எல்லாம் அந்த வில்லையைக் காட்டினால் கிடைக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் வழி தவறாமல் போய்ச் சேர அது நல்ல ஏற்பாடு என்று தோட்டக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். உண்மைதான். ஒரு மூட்டைக்கு விலாசம் ஒட்டினால் அது வழி தவறாது. வழிச்செலவெல்லாம் தோட்டத்தின் கணக்கில் ஏறி, அங்கிருந்து ஆளின் தலையில் இறங்கியது. கங்காணி ஊரில் கொடுத்த முன்பணமும் அதோடு சேர்ந்தது. போய்ச் சேர்ந்த முதல் நாளே அவன் கடனாளி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதுத் தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். இந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எத்தனை தலைமுறையின் உழைப்பு அதற்குள் போய்விட்டது!

1914இல் வழி மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தனுஷ்கோடி வரை ஒரு வண்டி, நடுவில் கொஞ்ச நேரக் கப்பல், அக்கரையில் தலைமன்னாரிலிருந்து கொழும்புக் கோட்டை வரை இன்னொரு வண்டி. இதுதான் போட் மெயில். ஒரே டிக்கெட்டில் கொழும்புக்குப் போகலாம் என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். மேல் வகுப்பில் துரைமாரும் வியாபாரிகளும் வக்கீல்களும் போனார்கள். கூலிகள் மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் ஒன்று இருந்தது. நோய்த் தடுப்பு முகாம் என்று பெயர். அம்மை குத்தி, துணிகளைக் கிருமி நீக்கி, சில நாள் தங்கவைத்துப் பிறகுதான் கப்பலேற்றுவார்கள். ஒரே பாதையில் இரண்டு விதப் பயணிகள். காலரா துரையின் பெட்டியில் ஏறாது என்று எப்படி முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலி ஆட்கள் போவதைத் தடை செய்தது. போகும் பயணம் அதோடு முடிந்தது.

இந்த இடத்தில் நீலகிரிக்குக் கொஞ்சம் திரும்புவோம். மலையேறி வேலைக்கு வந்த ஒடுக்கப்பட்ட மக்கள் எல்லோரும் கூலிக் கணக்கில் மட்டும் முடிந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் வளர்ந்ததும் பொதுவாழ்வைத் தொடங்கியதும் இந்த மலையில்தான். இரட்டைமலை சீனிவாசன் இங்கே வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கராக வேலை பார்த்தார். 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடியது. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கும் உரிமை உள்ளிட்ட பத்துத் தீர்மானங்கள் அதில் நிறைவேறின. அப்போது ரயில் மேட்டுப்பாளையம் வரைதான் இருந்தது. அது 1873இல் போட்ட பாதை. அதற்கு மேலே சாலை. காங்கிரஸ் தொடங்கி ஆறு ஆண்டுகூட நிறையாத காலத்தில் நம் முன்னோர் இந்த மலை உச்சியில் மாநாடு கூட்டினார்கள். பட்டாளமும் பங்களாவும் தோட்டமும் உண்டாக்கிய புது வேலைகள் பழைய ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. படிக்கவும் கூடவும் அங்கே கொஞ்சம் இடம் கிடைத்தது. இதை ரயிலின் கொடை என்று நாம் சொல்ல மாட்டோம். கிடைத்த இடத்தை நம்மவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று சொல்வோம்.

இப்போது திரும்பி வந்த பயணம்.

இலங்கை விடுதலையடைந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்போதைக்கு ஒத்திவைத்து, 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரைக்கூட எந்த அரசும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு எட்டு வாரம் ஆவதற்குள் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய்விட்டது. டிசம்பர் 22ஆம் தேதி இரவு பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போனது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. நம் குடும்பங்கள் வந்தது இந்தக் கப்பலில்தான்.

வந்த வழியை மாணவர்கள் ஒரு முறை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள். ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ வண்டி ஏறுவார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இலங்கைக் குடியுரிமை, தம்பிக்கு இந்தியக் குடியுரிமை என்று பிரிந்தவர்கள் உண்டு. மலையக ஸ்டேஷன்களில் வண்டி கிளம்பும்போது எழுந்த அழுகையைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லாத ஆள் இல்லை. பொல்காவலையில் மாறி வடக்குப் பாதையில் குருநாகல், மாகோ, அனுராதபுரம், மதவாச்சி, மடு ரோடு, மன்னார் வழியாகத் தலைமன்னார் இறங்குதுறை. அதுவரை அகலப் பாதை. கடல் தாண்டி இராமேஸ்வரத்தில் இறங்கினால் மீட்டர் கேஜ் பாதை. மண்டபம் முகாமில் பதிவு. பாட்டனுக்கு அம்மை குத்திய அதே மண்டபம். பிறகு மானாமதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சி.

திருச்சியில் மீட்டர் கேஜ் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும். ஈரோட்டுப் பாதை அகலப் பாதை. மூட்டை முடிச்சு, தகரப் பெட்டி, கைக்குழந்தை எல்லாவற்றையும் இறக்கி, நடைமேடை மாறி, அடுத்த வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். திருச்சியில் கொட்டப்பட்டிலும் ஒரு முகாம் இருந்தது. சிலர் அங்கே தங்கவைக்கப்பட்டார்கள். இங்கிருந்துதான் அவரவர் வழி பிரிந்தது. கையில் இருந்த குடும்ப அட்டையில் யார் யார் வந்திருக்கிறார்கள், என்ன மறுவாழ்வுத் திட்டம் என்று எழுதியிருந்தது. அது வியாபாரக் கடனா, நூற்பாலை வேலையா, தோட்ட வேலையா? அந்த ஒரு சொல்லைப் பொறுத்து வண்டி கிழக்கே போகும் அல்லது மேற்கே போகும். பாட்டன் கழுத்தில் தோட்டத்தின் எண் தொங்கியது. பேரன் கையில் திட்டத்தின் பெயர் இருந்தது.

தோட்ட வேலை எழுதப்பட்டவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசின் தேயிலைத் திட்டம் வனத்துறையின் கீழ் தொடங்கியது. 1975இல் அது டான்டீ நிறுவனம் ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று நீலகிரியிலும், வால்பாறையிலும் தோட்டங்கள். அவர்கள் ஈரோடு, கோவை தாண்டி மேட்டுப்பாளையத்தில் இறங்கினார்கள். அங்கே மறுபடியும் பாதையின் அகலம் மாறுகிறது. மலை ரயில் மீட்டர் கேஜ். அதில் ஏறாமல் குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு பஸ்ஸில் வந்தவர்களே இந்தப் பக்கம் அதிகம்.

ஆனால் பெரும்பாலோருக்கு எழுதப்பட்டது வியாபாரக் கடன். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த பெண்ணையும் கவ்வாத்து வெட்டிய ஆணையும் சமவெளியில் ஏதோ ஒரு ஊரில் கொண்டுபோய் விட்டு, கடை வை என்றார்கள். சேரிக்காரன் வைக்கிற கடையில் ஊர்க்காரன் வந்து டீ குடிப்பானா, அரிசி வாங்குவானா என்று அந்தத் திட்டத்தை எழுதியவர்கள் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். இலங்கையில் லயத்துக்குள்ளும் சாதி இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் கடைத்தெருவில் அது இந்த அளவுக்கு வெளிப்படையாக இல்லை. இங்கே இறங்கியதும் முதல் கேள்வியே 'நீங்க என்ன ஆளுங்க' என்பதாக இருந்தது. கடன் பணம் வாடகைக்கும் சோற்றுக்கும் போனது. பிறகு அவர்கள் தேயிலை இருக்கும் இடத்தைத் தேடி, இந்த முறை தங்கள் காசில் டிக்கெட் எடுத்து, திருச்சி வழியாக நீலகிரிக்கு வந்தார்கள். கொடைக்கானல் மலைக்குப் போனவர்களில் பலர் மரம் வெட்டும் காண்டிராக்டர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கியது 1980களில் வெளியே தெரிந்தது.

கோத்தகிரி, கட்டபெட்டு, குன்னூர்ப் பக்கம் இப்படித் தாமாக வந்து சேர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. இவர்கள் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் நீலகிரிக்காரர்கள் அல்ல. குடும்ப அட்டையில் ஒரு மாவட்டம், இருப்பது வேறு மாவட்டம். சிறு தோட்டக்காரர்களிடம் நாள்கூலிக்குப் பறித்தார்கள். குடிசை போட்டு இருந்தார்கள். 'சிலோன்காரங்க' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியாவில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். அங்கே 'இந்தியத் தமிழர்'.

இங்கேதான் நம் பிள்ளைகளின் இன்றைய சிக்கல் வருகிறது. கல்லூரிக்கோ வேலைக்கோ பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்வீகத்துக்கு ஆதாரம் கொண்டுவா என்கிறார்கள். பாட்டன் எந்த ஊர்ச் சேரியிலிருந்து போனான்? பத்திரம் உண்டா, பட்டா உண்டா? நிலமே இல்லாததால்தானே ஐயா அவன் வண்டி ஏறினான். அவன் போனதற்குத் தகரத்தில் அடித்த எண்தான் சாட்சி. அந்த எண்ணும் தோட்டத்தின் எண், அவனுடையது அல்ல. அப்பா வந்ததற்கு இருப்பது குடும்ப அட்டை ஒன்று. அதுவும் மழையில் நனைந்து, கரையான் அரித்து, கடனுக்கு அடகாகப் போய், பல வீடுகளில் இல்லை. மேல்சாதிக்காரனுக்கு ஊர்ப் பெயரே ஆதாரமாக நிற்கிறது. நமக்கு இரண்டு அரசுகள் சேர்ந்து நடத்திய பயணத்துக்கே நாம் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே திருச்சிச் சந்திப்பின் வரலாறு நமக்கு வெறும் பழங்கதை இல்லை. எந்த ஆண்டு, எந்த வழி, எந்த முகாம், எந்தத் திட்டம் என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அதிகாரியின் மேசை முன்னால் வேறு மாதிரி நிற்கும். பாட்டி 'மண்டபத்துல இறங்கி திருச்சியில மாறுனோம்' என்று சொன்னால் அதைக் கதை என்று விட்டுவிடாதீர்கள். மாதம் கேளுங்கள், கூட வந்தவர்கள் யார் என்று கேளுங்கள், எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பினார்கள், போனவர்கள் எந்த ஊரிலிருந்து போனதாகச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மலையகப் பெண்கள் ஊர்ப் பெயரைக் குலசாமி பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆண்களைவிட அவர்களுக்கே அது நன்றாகத் தெரிகிறது. குடும்ப அட்டை இருக்கிற வீட்டில் அதை நகலெடுத்து, அட்டையை வாங்கியவர் உயிரோடிருந்தால் அவர் சொல்வதையும் பதிந்து, இரண்டையும் ஒன்றாக வைக்க வேண்டும். கட்டபெட்டைச் சுற்றியுள்ள லயங்களிலும் காலனிகளிலும் இந்த வேலையை நம் மன்ற மாணவர்களே செய்ய முடியும்.

1980களின் போரில் கப்பல் நின்றது. அக்கரையில் சிதைந்து கிடந்த தலைமன்னார்ப் பாதையை இந்தியக் கம்பெனி ஒன்று திரும்பப் போட்டு 2015இல் வண்டி ஓடத் தொடங்கியது. இக்கரையில் இராமேஸ்வரம் பாதை 2007இல் அகலப் பாதை ஆனது. இனி திருச்சியில் யாரும் அதற்காக மூட்டையை இறக்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தையும் திறந்துவிட்டார்கள். சென்னை எழும்பூரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போகிற இரவு வண்டியை இன்னும் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள். திருச்சியில் அது நடு இரவில் வந்து நிற்கிறது.